எம்.எல்.ஏ. வீட்டு ஜெப விண்ணப்பம்

அப்பா சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஐந்து வருடமும் எங்கள் சேலையூர் வீட்டில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. ஒன்றில்கூட நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. விடிந்ததும் வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். பட்டா, பென்ஷன், குடிதண்ணீர், மருமகள் சண்டை என்று எல்லாவற்றுக்கும் அப்பாவிடம்தான் வருவார்கள். அதன் பிறகு கல்யாணம், காதுகுத்து, சாவு. தொகுதியில் யார் செத்தாலும் அப்பா மாலையோடு போய் நிற்பார். ஒரு மழைக்காலத்தில் அவர் முடிச்சூர் பக்கம் படகில் போய் ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர்தான் என்னைத் தோளில் தூக்கி மாடியில் விட்டார். மறுநாள் பேப்பரில் அப்பாவின் படத்தைப் பார்த்துத்தான் அவர் பத்திரமாக இருக்கிறார் என்று தெரிந்துகொண்டோம்.

அடுத்த தேர்தல் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா ஜெயித்தால் இன்னும் ஐந்து வருடம். எனக்கோ ஓட்டு கிடையாது. ஆகவே நேரே ஆண்டவரிடமே போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஆலயத்தில் ஜெப விண்ணப்பப் பெட்டி ஒன்று உண்டு. பரீட்சை, வேலை, வியாதி என்று எதையும் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் வேண்டியதில்லை. ஞாயிறு ஆராதனையில் போதகர் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார். வாசிக்கும்போது அப்பாவும் கேட்டுக்கொண்டிருப்பார் என்ற சின்ன விஷயம் என் புத்திக்கு எட்டவில்லை. வருஷம் முழுக்க ஆலயத்துக்கு வராதவர் தேர்தல் மாதத்தில் மட்டும் தவறாமல் முதல் வரிசையில் இருப்பார்.

போதகர் என் சீட்டைப் பிரித்தார். "ஆண்டவரே, எங்க அப்பா தினமும் ரொம்ப லேட்டாக வருகிறார். சில நாள் வருவதே இல்லை. யார் யாரோ வந்து கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அம்மா தனியாகத்தான் சாப்பிடுகிறார். இனிமேல் அப்பா வீட்டிலேயே இருக்க வேண்டும்."

வாசித்து முடித்ததும் போதகரின் குரல் தழுதழுத்தது. "குடியினாலே பாழாப்போன ஒரு குடும்பத்துக் குழந்தை எழுதியிருக்கு, சபையாரே" என்றார். சபையே உச்சுக்கொட்டியது. ஜெபம் முடிந்ததும் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவர் அப்பாதான். அம்மா மட்டும் சொல்லவில்லை. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் அப்பா போதகரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் குழந்தை யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்கய்யா. அப்பன்காரனை நானே கூட்டிட்டுப் போய் ட்ரீட்மென்ட்ல சேர்க்கிறேன்." நான் ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதற்குள் கட்சிக்காரர்கள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஓட்டு எண்ணும் நாளில் எங்கள் டிரைவர் மாமா வெடிக்கட்டுகளைப் போர்டிகோவில் அடுக்கினார். "இன்னா பாப்பா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? அண்ணன் ஜெயிச்சிக்கினு வருவாரு பாரு" என்றார். பத்து மணிக்கு வீட்டில் நிற்க இடமில்லை. மத்தியானம் செருப்புகள் பாதியாகின. மூன்று மணிக்கு எங்கள் செருப்புகள் மட்டும் கிடந்தன. வெடிகளையும் காணோம். சாயங்காலம் ஜெயித்தவர்கள் வெடித்ததில் எங்களுடையதும் இருந்திருக்குமோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

அப்பா ஏன் தோற்றார் என்று டிவியில் நாலு பேர் உட்கார்ந்து பேசினார்கள். எனக்குத்தான் உண்மையான காரணம் தெரியும். பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா வீட்டிலேயே இருந்தார். ஆனால் காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்துவிடுவார். கேட் சத்தம் கேட்டால் நிமிர்வார். பால்காரராக இருக்கும், இல்லாவிட்டால் கூரியர். போனை எடுத்து வேலை செய்கிறதா என்று பார்த்து வைப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அவர் கண் கேட்டின் மேலேயே இருக்கும். அவர் ஊரெல்லாம் சுற்றிய நாட்களில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

ஒரு சாயங்காலம் என் வகுப்புத் தோழி வந்தாள். அப்பா சட்டென்று எழுந்து அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"வாம்மா, உக்காரு. சொல்லு, என்ன வேணும்?"

அவள் மிரண்டு போய், "சயின்ஸ் நோட்டு, அங்கிள்" என்றாள்.

அப்பா விடவில்லை. எந்தத் தெரு, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, லைட் எரிகிறதா என்று கேட்டார். தெருமுனை லைட் எரியவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. உடனே யாருக்கோ போன் செய்தார். எடுக்கவில்லை. இன்னொருவருக்குச் செய்தார். அவரும் எடுக்கவில்லை. "சொல்லிடறேம்மா, நீ கவலைப்படாதே" என்று அவளைக் கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

திரும்பி வந்தவர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்ப்பதுபோல இருந்தது. அதே குரலில், "உனக்கு என்னம்மா வேணும்?" என்றார்.

அப்பா ஊருக்குச் செய்கிறவர், நாம் எதையும் கேட்டு அவரைச் சிரமப்படுத்தக் கூடாது என்று அம்மா என்னைப் பழக்கியிருந்தார். நான் நல்ல பிள்ளையாக நேராக நின்றேன்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்பா."

மெச்சிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே போய் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இத்தனை வருட அலைச்சல், பாவம், களைத்துவிட்டார் என்று நினைத்தேன். யாரும் அவரைத் தொந்தரவு செய்யாதபடி அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன்.