வலையருகே ஒரு பாதம்

கண் காணாததைப் படம் காட்டினால் எதை நம்புவது? மலேசியாவின் கிளந்தானில், பந்தைக் காலால் வலைக்கு மேலே உதைத்து ஆடும் செபாக் தக்ரோ ஆட்டங்களைப் படம்பிடிக்கும் ரொஸ்னானியிடம் இந்தக் கேள்வி ஓர் இறுதியாட்டத்தில் வந்து சேர்ந்தது.

கடைசிப் புள்ளிக்கு அவள் தம்பி ருஸ்டி அந்தரத்தில் புரண்டு பிரம்புப் பந்தை உதைத்தான். அரங்கின் மங்கிய வெளிச்சத்தில் மற்றவர்களுக்கு அது வெறும் நிழலாட்டம். அவளுடைய பிளாஷ் மட்டும் அவனை அப்படியே நிறுத்திவிட்டது. தம்பியின் அணிக்குக் கோப்பை.

"அவன் காலு வலையில பட்டுச்சு, புள்ளி எங்களுக்குத்தான்! படத்தக் காட்டுங்கக்கா," என்று வந்து நின்றான் எதிரணித் தலைவன் ஹம்டான்.

"தோத்தவனுக்கு வலைகூட சாட்சி சொல்லணும்," என்று சிரித்தான் ருஸ்டி.

ரொஸ்னானி கேமராத் திரையைப் பார்த்தாள். வலை உப்பியிருந்தது. அதை ஒட்டிப் பாதம் இருந்தது, பந்தும் இருந்தது. வலையைத் தள்ளியது எது? பிளாஷ் உறையவைக்காமல் படம் கொஞ்சம் கலங்கியிருந்தால், அந்தத் தீற்றலில் கால் போன திசையாவது தெரிந்திருக்கும். பெரிதாக்கப் பெரிதாக்கக் குழப்பம்தான் கூடியது.

"அழிச்சிடுக்கா. உனக்கே புரியல, அவனுக்கென்ன புரியப்போவுது?" என்றான் தம்பி.

அவள் கேமராவின் மெமரி கார்டைக் கழற்றி ஹம்டான் கையில் வைத்தாள். ஏனென்று ருஸ்டி இன்றும் கேட்கிறான், அவள் சொன்னதில்லை.