சீதேவிப்பிள்ளை ஹானர்ஸ் எடுத்த கதை

சித்தாண்டியில் புதிதாக ஓடு போட்ட வீடு ஒன்று ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. ஆச்சிப்பிள்ளை தன் ஒரே மகள் சீதேவிப்பிள்ளைக்குச் சீதனமாகக் கட்டிய வீடு. மட்டக்களப்பில் கலியாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வருவான். வரவேண்டிய மாப்பிள்ளையும் சின்ன வயதிலேயே பேசிவைத்த ஆள்தான்: தாய்மாமன் கோணாமலையின் மகன் நல்லரத்தினம். ஆனால் வீட்டுக்குரியவள் சென்னையில் மிஷன் நடத்திய பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

1936ஆம் வருடம் சித்திரை மாதம், இன்டர்மீடியட் பரீட்சை எழுதிவிட்டு அவள் லீவுக்கு வந்தபோதுதான் பிரச்சினை தொடங்கியது. அடுத்துக் கணிதம் படிக்க இரண்டு வழிகள் இருந்தன. பாஸ் பி.ஏ. இரண்டு வருடம், கணிதத்தோடு ஆங்கிலமும் தமிழும் சேர்ந்து வரும். ஹானர்ஸ் மூன்று வருடம். முழுக்க முழுக்கக் கணிதம். பெண்கள் கல்லூரியில் ஹானர்ஸ் வகுப்பு இல்லாததால், விடுதியில் இருந்துகொண்டு ஆண்கள் படிக்கும் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போய்வர வேண்டும்.

சீதேவிப்பிள்ளை அதிகம் பேசுகிறவள் அல்ல. ஏன் ஹானர்ஸ் என்று தாய் கேட்டபோது அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பாடப்புத்தகத்தில் சில தேற்றங்களின் கீழே, ‘இதன் நிறுவல் இந்தப் படிப்புக்கு அப்பாற்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். கூடப் படித்தவர்களுக்கு அந்த வரியைக் கண்டால் நிம்மதி. அவளுக்கோ யாரோ முகத்துக்கு நேரே படலையைச் சாத்தியது போலிருக்கும். பாஸ் வகுப்புப் புத்தகங்களையும் புரட்டிப் பார்த்திருந்தாள். அவற்றிலும் அதே வரி இருந்தது.

கோணாமலை கெட்டவர் அல்ல. தங்கையின் புருஷன் கந்தப்போடி காலமான பிறகு, அவர்களுடைய வயல்வட்டையில் விதைப்பும் அறுப்பும் ஒருபோகம்கூடத் தவறாமல் பார்த்தவர் அவர்தான். இரண்டு வருடம் என்றால் பொறுக்கலாம் என்றார். மூன்று வருடம் என்றால் மகனுக்கு வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சீதேவிப்பிள்ளைக்கு ஹானர்ஸும் வேண்டும், மச்சானும் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்க வாய் வரவில்லை.

நாலைந்து நாள் கழித்து நல்லரத்தினம் தானாகவே வந்தான். வந்தவன் அவளைப் பார்க்காமல் தாயிடம்தான் பேசினான்.

“மாமி, கலியாணத்த இந்த வைகாசியிலயே வைங்க. மறுகா அவ படிக்கப் போகட்டும்.”

“அவ போனா நீ எங்க இரிக்கிற?”

“இஞ்சதான். எங்கட வீட்டில நாலு ஆம்பிளையள் ஒரு விறாந்தையில படுக்கிறம். இஞ்ச முழு வீடு சும்மா பூட்டிக் கிடக்கு.”

ஆச்சிப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. அவன் அப்போதுதான் சீதேவிப்பிள்ளையின் பக்கம் திரும்பினான்.

“மூணு வருசம், மச்சான்,” என்றாள் அவள்.

“லீவுக்கு வருவாய்தானே?”

“ஓம்.”

பேச்சு அவ்வளவோடு முடிந்தது. பொண்ணில்லாத வீட்டுக்கு மாப்பிள்ளை காவலா என்று கோணாமலை கேட்டார். சந்தையிலும் கோயில் வீதியிலும் ஊரே அதைத் திருப்பிக் கேட்டது. ஆனாலும் மகன் விட்டுக்கொடுக்காததால் கலியாணம் நடந்தது. கோணாமலை சபையில் முன்னுக்கு நின்றாரே தவிர, படிப்புக்குச் சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லரத்தினம் பெட்டியோடு வந்தான். ஒரு மாதத்துக்குள் சீதேவிப்பிள்ளை பெட்டியோடு போனாள்.

ரயில், தலைமன்னார்க் கப்பல், மறுபடி ரயில் என்று சென்னைக்குப் போய்ச் சேர்ந்தவளை விடுதிப் பொறுப்பாளர் கூப்பிட்டனுப்பினார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்மணி. கண் நேரே தாலிக்குப் போயிற்று. கலியாணமானவர்களை விடுதியில் சேர்க்கும் வழக்கம் இல்லை என்றார்.

“புகுந்த வீட்டுல சம்மதிச்சாங்களாம்மா?”

“நான் எங்கயும் புகேல்ல, மிஸ். அவர்தான் எங்கட வீட்டுக்கு வந்திரிக்கார்.”

“அது யாரு வீடு?”

“என்ட வீடு.”

“நிலம்?”

“அதும் என்ட பேரிலதான். அவர் பார்த்துக்கொள்றார்.”

பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி ஓர் ஊர் இருப்பது தனக்குத் தெரியாது என்றார். ஆனாலும் கல்லூரிக் குழுவுக்கு மாமனாரின் கையெழுத்தோடு சம்மதம் வேண்டும். ஹானர்ஸ் வகுப்பில் பெயர் பதிவது முடிவதற்குள் அது வராவிட்டால் அவள் ஊருக்குத் திரும்பவேண்டியதுதான்.

சீதேவிப்பிள்ளை வீட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். வாய்திறந்து சரி என்று சொல்லாத மனிதரிடமிருந்து கையெழுத்து எப்படி வரும்? பெட்டியிலிருந்து மேல் சேலைகளை மட்டும் எடுத்தாள், மற்றதை வெளியே எடுக்கவில்லை.

பதிவு முடிவதற்கு முந்தின நாள் பொறுப்பாளர் பெயருக்குக் கோணாமலையின் கடிதம் வந்தது. பொறுப்பாளர் அதை அவளுக்கு வாசித்துக் காட்டினார்.

“என் மகன் அவள் வீட்டில் இருக்கிறான். அவளைப் போ என்றோ வா என்றோ சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. தாங்கள் கேட்டபடியால் சொல்லுகிறேன், படிக்கட்டும். ஊர் சிரித்து முடிந்துவிட்டது. இனிப் பாதியில் அனுப்பினால் இன்னொரு முறை சிரிக்கும். அதை நான் தாங்கமாட்டேன்.”

வாசித்து முடித்தபோது பொறுப்பாளராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று மத்தியானம் சீதேவிப்பிள்ளை ஹானர்ஸ் வகுப்பில் பெயர் பதிந்தாள்.

அவள் லீவுக்கு வரும்போதெல்லாம் நல்லரத்தினம், “மாமி, வீட்டுக்காரி வந்திட்டா, ஒரு பாய் போடுங்க,” என்பான். ஆச்சிப்பிள்ளை மருமகன் பக்கம்தான் நிற்பாள். மகள் வந்தால் மீன்கறியின் நடுத்துண்டு யாருக்கு என்பதில்கூடச் சண்டை வரும். அதில் தோற்பது எப்போதும் மகள்தான்.

1939இல் அவள் இரண்டாம் வகுப்பில் தேறினாள். முதல் வகுப்புக் கிடைக்காதது அவளுக்குக் கொஞ்சம் மனக்குறைதான். அந்த வருடக் கடைசியில் மட்டக்களப்பில் ஒரு மிஷன் பெண்கள் பாடசாலை அவளை ஆசிரியையாக எடுத்தது. அதுவரை அங்கே மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு எண்கணிதத்தோடு சரி. அதற்கு மேல் கற்பிக்க ஆளில்லை. தை மாதம் நேரசூசியில் முதல்முறையாக ‘கணிதம்’ என்று ஒரு பாடம் ஏறியது.

கணிதம் படிக்க விரும்பியவர்கள் எழும்பி நில்லுங்கள் என்று சீதேவிப்பிள்ளை சொன்னாள். கொஞ்சப் பேர் எழும்பினார்கள். புஸ்பம் என்ற பிள்ளை மட்டும் பாதி எழும்பி, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் மிஸ் என்று மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அடுத்த நாள் மணி அடிக்கும் முன்பே அவள் வந்து முன்வரிசை வாங்கில் உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.