காப்புக் கட்டி நின்றவள்

சிம்மக்கல்லில் பூசைச் சாமான் கடையில் சாம்பிராணி வாங்க நின்றபோதுதான் போன் வந்தது. பக்கத்து வீட்டு ரேணுகாவின் தம்பி சீனிவாசன். "அக்கா, எங்க இருக்கீக?" என்ற குரல் உடைந்திருந்தது. ரேணுகா போய்விட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடைக்காரர், "எம்புட்டும்மா போடட்டும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தராசில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறினேன். விளாங்குடி வந்து சேரும்வரை மீனாட்சி அம்மனைத்தான் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். ரேணுகா ஒரு வருடமாக நோயில் கிடந்தவள், எதிர்பார்த்த முடிவுதான். என்றாலும் பெத்த தாயின் பேரைச் சொல்வது போல அம்மன் பேரைச் சொல்லாமல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

நம் தெருப் பிள்ளைகள் அவளை 'ஐஸ் அத்தை' என்பார்கள். வீட்டில் சௌராஷ்டிரம், ஆபீசில் இங்கிலீஷ், நம்மிடம் சுத்தமான மதுரைப் பேச்சு. வருடத்தில் பாதி நாள் உலகத்தின் வட உச்சியில் இருப்பாள். மரமே முளைக்காத, அடிமண் உறைந்து கிடக்கிற தூந்திரப் பிரதேசம். அங்கே காற்றைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, பூமியைச் சூடாக்குகிற வாயுக்கள் எவ்வளவு கூடியிருக்கின்றன என்று பார்க்க அனுப்புவதுதான் அவளுக்கு வேலை. நான் திருமங்கலத்துக்கு மேற்கே கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல அவள் ஒருத்தியால்தான் முடிந்தது.

"எங்க ஊர்ல சாணிக் குழியில வர்ற வாயுதானே தாயி? அதப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போற?" என்று கேட்டேன்.

"அதேதான் அக்கா. உங்க குழி இத்துனூண்டு. அங்க ஒரு நாட்டு அளவுக்குக் குழி, ஐஸ் மூடி போட்டுக் கெடக்கு. மூடி லேசா நகருதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்."

காற்றை எப்படிப் பிடிப்பாய் என்று கேட்டதற்கு மொட்டை மாடியில் நடித்தே காட்டினாள். காற்று வருகிற திசையைப் பார்த்து நின்றாள். கையை முன்னால் நீட்டினாள். மூச்சை அடக்கிக்கொண்டு இல்லாத பாட்டிலைத் திறந்து மூடினாள். நம் மூச்சு துளி பட்டாலும் அந்தக் காற்று கணக்கில் சேராதாம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊர்க் கோயிலில் பூசாரி வாயில் துணி கட்டிக்கொண்டுதான் சாமிக்குப் பூசை வைப்பார். அதைச் சொன்னேன்.

"அப்ப நானும் பூசாரிதான்" என்று சிரித்தாள்.

"பூசாரிதான். வாய்க்கட்டைத்தான் காணோம்."

அவள் ஊரில் இருக்கும்போது சின்ன மிஷின் ஒன்றை மாடியில் வைத்துச் சரிபார்ப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் வழக்கம் போலச் சாம்பிராணித் தட்டோடு மாடிக்குப் போனேன். "அக்கா! உங்க சாமி என் மிஷினுக்குள்ள பூந்துட்டாரு!" என்று அவள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். மிஷினில் எண்கள் எகிறிப் போயிருந்தன. அன்றிலிருந்து தட்டை எடுக்கும் முன் மதில் பக்கம் நின்று, "ரேணு, சாம்பிராணி போடப் போறேன்" என்று குரல் கொடுப்பேன். "இருங்கக்கா, மூடிக்கிறேன்" என்பாள்.

சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் மனசு சிரிப்புப் பக்கமே இழுக்கிறது. அவளுடைய அம்மா இறந்ததைச் சொல்ல வேண்டும்.

அப்போது ரேணுகா அந்த வட உச்சியில் இருந்தாள். உடலை எடுக்கும் முன் எப்படியும் வந்து சேர முடியாது. ஆனால் மறுநாள் வந்த சின்ன விமானத்தில் ஏறியிருந்தால், தம்பியோடு நின்று சாம்பலையாவது கரைத்திருக்கலாம். அவள் ஏறவில்லை. பனி இளகுகிற பருவம். மாற்று ஆள் வந்து சேரவில்லை. "போன காத்தை யாராலயும் திருப்பிப் பிடிக்க முடியாது அக்கா" என்று போனில் சொன்னாள். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன்.

காரியத்தன்று பந்தி நடக்கும்போதுதான் பெட்டியோடு வந்து இறங்கினாள். அவளுடைய தாய்மாமா இலையில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மேடம். ஊர்க் காத்தெல்லாம் பிடிச்சாச்சா? பெத்தவ மூச்சு போறப்பத்தான் பிடிக்க ஆளில்ல."

 ரேணுகா தலை நிமிரவில்லை. சாம்பார் வாளியோடு நின்ற எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். காப்புக் கட்டுன பூசாரி, திருவிழா முடியுமுன்ன சாவு வீட்டுக்கு வருவாரா?"

"அது சாமி காரியம்மா."

"இது மட்டும் என்னவாம்? நம்ம பேரம்பேத்திக இழுக்கப் போற மூச்சுக்குக் காவல் நின்னுட்டு வாரா. காப்புக் கட்டி நின்னவளப் பேசாதீக."

"காத்துக்குப் போயி காப்பாக்கும்" என்று முனகினார். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. பிறகு பல வருடம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவும் இல்லை. ரேணுகா எதற்கும் கலங்காதவள், இதற்கு மட்டும் கலங்கினாள். "மாமா சொன்னது பொய்யில்லையே அக்கா" என்பாள்.

அடுத்த முறை வந்தபோது ஒரு கண்ணாடி பாட்டிலை என்னிடம் கொடுத்தாள். இரண்டு பக்கமும் திருகி மூடியிருந்தது. அம்மா இறந்த சேதி வந்த அன்று பிடித்த காற்று. "அன்னைக்கு அடக்க முடியல. பாட்டிலத் தொறக்கவும் அழுதுட்டேன். நானே ஆபீசுல சொல்லிட்டேன், இது கெட்டுப்போன காத்துன்னு. மறுநாள் வேற பிடிச்சேன். அவங்களுக்கு இது வேணாம், எனக்கு வேணும்."

"உங்க வீட்ல வைக்கலயா?"

"அங்க வச்சா யாராச்சும் தொறந்து மொளகாப்பொடி போட்டுருவாங்க. உங்க சாமி ரூம்ல இருக்கட்டும்."

போன் வந்த அன்று, ரேணுகாவை நடு வீட்டில் கிடத்தியிருந்தபோது அந்த பாட்டிலை எடுத்துப்போய் தலைமாட்டில் வைத்தேன். தாய்மாமா வந்திருந்தார். தள்ளாத வயது, ஒருவர் கையைப் பிடித்துத்தான் நடந்தார்.

"அது என்னம்மா, தீர்த்தமா?"

"இல்லண்ணே. உங்க அக்கா போன அன்னைக்கு இவ பிடிச்ச காத்து. அழுதுட்டா. மூச்சு பட்டுருச்சு, செல்லாமப் போச்சு."

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வெத்தாவுல்ல இருக்கு" என்றார்.

"வெத்து இல்லண்ணே."

பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். "இதையும் அவளோட அனுப்பிரலாமா மாமா? தொறந்து விட்ருவோமா?" என்று சீனிவாசன் கேட்டான்.

"தொறக்காதடா" என்றார் பெரியவர். "காப்புக் கட்டி நின்னவ பிடிச்சது. அப்படியே இருக்கட்டும்." பாட்டிலை என் கையிலேயே திருப்பித் தந்தார்.

ரேணுகாவைத் தெரிந்தவர்களே, உங்களிடம் அவளுடைய போட்டோ இருக்கும், அவள் வாங்கி வந்த சாக்லேட் டப்பா இருக்கும். நான் இன்னமும் வெள்ளிக்கிழமை மதிலோரம் நின்று, "ரேணு, சாம்பிராணி போடப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தட்டை எடுக்கிறேன். அவள் மிஷினை மூட எடுக்கும் நேரத்துக்கு என் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன். அவளைக் கரைத்த அன்று வைகையில் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. சாம்பலை ஆறு கொண்டுபோய்விட்டது. அவள் மூச்சு என் சாமி அறையில் இருக்கிறது.