பேய்க்கும் ஒரு பங்கு

அவள் புளுகுகிறாள் என்று எனக்கு உறைத்தபோது என் கையில் ரிமோட் இருந்தது. அந்தப் பேய்த் தொடரை அன்றைக்குத்தான் முதன்முதலாக உட்கார்ந்து பார்த்தேன். சென்னையில் ஒரு அபார்ட்மெண்ட். ஒரு மருமகள் கண்ணாடி பார்க்கிறாள், கண்ணாடிக்குள் யாரோ நிற்கிறார்கள், எலுமிச்சம்பழம் உருள்கிறது, விளம்பரம். திரும்பி வந்தால் அதே கண்ணாடி, அதே பழம். இதே தொடர் என்று பஸ்ஸில் அவள் தினமும் சொல்லிக்கொண்டு வரும் கதையில் அபார்ட்மெண்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குப் போகும் காலை டவுன் பஸ்ஸில் கதை சொல்கிற இடம் அவள் வரும்வரைக்கும் என்னுடையது. எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன், ஆனால் மனசார ஆராய்ச்சி செய்வது தொடர்களைத்தான். நம் தொடர்களில் கன்னத்தில் ஒரு அறை விழ மூன்று நாளாகும். திங்கட்கிழமை கை ஓங்கும். செவ்வாய் முழுக்க வீட்டிலுள்ள ஒவ்வொரு முகமாகக் காட்டுவார்கள். புதன்கிழமை யாராவது வந்து அந்தக் கையைப் பிடித்துவிடுவார்கள். துப்பறியும் நாவல் என்றால், பிணத்தைப் பார்த்து அதிகமாக அழுகிற ஆள் மேல் ஒரு கண் வைக்க வேண்டும். விண்வெளிக் கதைகளில் எனக்கு ஒரு தீராத குறை உண்டு. வேற்றுக்கிரகத்துக்காரர்கள் எப்போதும் மெரினாவில்தான் இறங்குகிறார்கள். தேவகோட்டை ரஸ்தாவில் இறங்கினால் என்ன குறைந்துபோகும், நாலு பக்கமும் பஸ் இருக்கிறது. இவற்றையெல்லாம்விட என்னை எரிய வைப்பது, எங்கள் ஊர்ப்பக்கப் பெரிய வீட்டில் படம்பிடித்துவிட்டு அதைப் பொள்ளாச்சி என்று சொல்வது.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல பஸ்ஸே சிரிக்கும். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், டிபன் பையை வைத்து எனக்கு ஜன்னல் ஓரம் இடம் போட்டு வைப்பார். “ஏத்தா, நேத்து அந்த வில்லி என்ன ஆனா?” என்று தொடங்கி வைப்பதும் அவர்தான். நான் ஒரு வசனம் பிசகாமல் சொல்வேன்.

அப்புறம் அவள் வந்தாள். அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிறவள், நர்சிங் படிக்கிறவள், சன்னக் குரல். “அக்கா, நேத்து பேய் சீரியல் பாத்தீகளா?” என்று ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தாள். ஒரு பெரிய வீடு, முப்பது பங்காளிகளுக்குப் பொது. விற்கலாம் என்று சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் எல்லாரும் வந்துவிட்டார்கள். அந்த வீட்டிலிருக்கும் பேயும் ஒரு பங்காளி. அது கையெழுத்துப் போடாமல் விற்க முடியாது.

முப்பத்தோராவது பங்கு பேய்க்கு! பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்த்தே வளர்ந்தவள் நான். எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று வயிறு எரிந்தது. ஒரே ஆறுதல், யோசித்தது அவள் இல்லை, டிவிக்காரன். ஆனால் மறுவாரமே டிபன் பை அவளுக்கு இடம் பிடித்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படி என்னதான் தொடர் என்று பார்க்கத்தான் அன்று ரிமோட்டை எடுத்தேன். இருந்த ஆறுதலும் போயிற்று.

மறுநாள் காலை அவள் ஏறுவதற்குக் காத்திருந்தேன். ஏறினாள், உட்கார்ந்தாள், தொடங்கினாள்.

“பேயை ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்துட்டாகக்கா. வாசல்ல நிக்கிது. கைரேகை வைக்கச் சொன்னா, விரல்ல மை ஒட்ட மாட்டேங்குது...”

“நேத்து அப்படி ஒண்ணுமே வரலையே,” என்றேன். பின்சீட்டு வரைக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். “நானும் பாத்தேன். ஒரு கண்ணாடி, ஒரு எலுமிச்சம்பழம். இவ சொல்ற வீடே அதுல இல்ல.”

அவள் முகம் சுருங்கிவிட்டது. மடியிலிருந்த பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். எனக்கு அந்த ஒரு நிமிஷம் தீபாவளிதான்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எங்க வீட்லயும் டிவி இருக்குத்தா.”

“அப்ப... உங்களுக்குத் தெரியுமா?”

“முத நாளே தெரியும். எல்லாரும் பாத்துட்டுத்தேன் வாரோம். அந்தக் கண்ணாடியவும் பழத்தையும் மனுசி பாப்பாளா? அதுக்குத்தேன் இவகிட்ட கேக்குறோம்.”

“பின்ன என்கிட்ட எதுக்கு கதை கேட்டீக?”

“கரண்டு போன அன்னைக்கு நீ சொன்னா பாத்த மாதிரியே இருக்கும்,” என்றார் அக்கா. பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் சுட்டது.

படிக்கட்டிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “அங்குட்டு என்ன பஞ்சாயத்து? அந்தப் பேயை உள்ள விடுங்கத்தா, ஊரு வந்துரப் போகுது.”

பஸ்ஸே சிரித்தது, நான் சொல்லாத ஒன்றுக்கு. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஜெயித்த பார்வையாக இருந்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். “மையி ஒட்டலன்னா என்ன பண்ணுவாக, உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா?” என்று உண்மையாகவே கேட்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது: பங்காளிகள் முப்பது பேரும், பேய் கையெழுத்துப் போடும் வரைக்கும் நாங்களும் போட மாட்டோம் என்று அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். கல்லூரி நிறுத்தம் வரைக்கும் அந்த முப்பது பேரும் அடித்துக்கொண்டதை அவள் சொல்ல, நானும் வாய் பிளந்து கேட்டேன். கேட்டுக்கொண்டே மனசுக்குள் அவளைத் திட்டினேன்.

இரண்டு நாளாகக் கல்லூரியில் பாடம் ஏறவில்லை. என்னிடம் இப்போது ஒரு கொலை இருக்கிறது. எந்தத் தொடரிலும் வராதது, நானே கட்டியது. கல்யாணத்துக்காகத் திறந்த பெரிய வீடு. வருஷக்கணக்காகப் பூட்டியிருந்த அறை. உள்ளே நேற்று எடுத்த புதுச்சட்டையோடு ஒரு ஆள், விலைச்சீட்டுக் கூடக் கிழிக்கவில்லை. செய்தது யார் என்று எனக்கே இன்னும் தெரியாது. நாளைக்கு பஸ் கிளம்பினதுமே தொடங்கிவிடப் போகிறேன். அவள் ஏறுகிற நிறுத்தம் வரும்போது அறைக் கதவு பாதி திறந்திருக்க வேண்டும். நிறுத்தமாட்டேன். அவள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு கேட்கட்டும்.