என் கட்டிலில் யாருடைய கை?

மூன்று வருடங்களுக்கு முன், பெரும்போக நெல் வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றபடியே மயங்கி விழுந்த நான், கல்முனையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கண் திறந்தேன். பாரிசவாதம் என்றார்கள், இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. அதுவும் நின்றிருந்தால் என் கணவர் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பார்.

இரண்டாம் நாள் அவரிடம் எரிந்து விழுந்தேன். என் இடது பக்கத்தில் யாரோ ஒருவரின் கை கிடந்தது. கனமாக, அசையாமல். “இத அங்கால எடுங்க, ஆர்ட கையோ தெரியா” என்றேன். அவர் அது உன்னுடையதுதான் என்று விரலில் கிடந்த மோதிரத்தைக் காட்டினார். மோதிரம் என்னுடையதுதான், அதை ஏன் இவளுக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பகிடிக்கு இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். இத்தனைக்கும் இருபது வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். கரும்பலகையில் எத்தனை மூளை கீறியிருப்பேன்!

வீட்டுக்கு வந்தும் அதே கதைதான். சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் அந்தக் கை கிடந்தால் எனக்கு அருவருப்பு. பாண்டிருப்பிலிருந்து உடற்பயிற்சி தர வந்த இயன் மருத்துவர், நான் அதை என் கை என்று ஏற்காவிட்டால் பழக்கவே முடியாது, அப்படியே விளங்காமல் போய்விடும் என்று கணவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அன்று கணவர் சாப்பிடவில்லை.

தொழுகைக்கு முன் ஒளு எடுக்க அவர்தான் தண்ணீர் ஊற்றுவார். முகத்தை நான் கழுவிக்கொள்வேன், கைகளை அவர் கழுவிவிடுவார். இடது கையைக் கழுவுவது எனக்கு யாருக்கோ நடக்கிற காரியம். ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம், அவர் தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டுச் சும்மா நின்றார்.

“சரி, ஒன்ட கை இல்ல. ஆர்ட கையோ, இண்டைக்கு நீயே கழுவி உடு. ஒளு கூடணும்.”

கோபத்தோடுதான் பிடித்தேன். விரல் இடுக்கிலிருந்து முழங்கை வரை, மூன்று தரம். மூன்றாம் தரம் என் வலது கை தானாக நின்றது. தொடுகிறவளும் நானாக இருந்தேன், தொடப்படுகிறவளும் நானாக இருந்தேன். “இஞ்ச பாருங்க, இது என்டயா?” என்று கேட்டேன். அவர் ஓம் என்று தலையாட்டித் துவாயை எடுத்து நீட்டினார்.

துவாயால் துடைத்துக் கொஞ்ச நேரத்தில் அது மறுபடியும் அந்நியக் கை ஆகிவிட்டது. பொழுது பட்டதும் மஃரிபுக்கு மறுபடி கழுவினேன். வந்தது, போனது. நானும் விடவில்லை, ஐந்து வேளையும் கழுவினேன். இதைக் கேட்ட இயன் மருத்துவருக்கு ஒரே சந்தோசம்.

“டீச்சர், இதுதான் நான் எண்டு மூளை ஒவ்வொரு நிமிசமும் கட்டிக்கொண்டே இருக்குது. தோல், மூட்டு, கண் எல்லாம் அதுக்குச் சேதி அனுப்பும். உங்கட கையை நீங்களே தொட்டா ரெண்டு சேதி ஒண்டா வரும். அப்ப அது நம்பித்தான் ஆகணும்” என்றார். பாடம் நடத்துகிற எனக்கே பாடம். வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

நோன்பு மாதம் முடிவதற்குள் கை போகாமல் தங்கிவிட்டது. அதன் பிறகுதான் விரல்களைப் பழக்கத் தொடங்கினோம். போன பெருநாள் காலையில் கணவரின் சேட்டுப் பொத்தான்களை இரண்டு கையாலும் நானே பூட்டினேன். பள்ளிவாசலுக்கு நேரமாகிறது என்று தெரிந்தும் அவர் அசையாமல் நின்றார்.

எல்லோரும் பிறக்கும்போதே சும்மா பெற்றுக்கொண்ட கையை நான் நாற்பத்தெட்டு வயதில் கழுவிக் கழுவிச் சம்பாதித்தேன்; அதனால்தான் ‘என் கை’ என்று சொல்லும்போது இன்றைக்கும் எனக்குத் தலை ஒரு விரற்கடை உயர்ந்துவிடுகிறது.