இல்லாத கருவாடு

பிரம்மநாயகியின் மூக்குக்கு அந்த வீட்டில் தனி மரியாதை இருந்தது. பால் திரியப்போகிறதென்றால் முதல் நாளே சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டில் கேஸ் கசிந்ததை வாசலில் கோலம் போட்டுக்கொண்டே கண்டுபிடித்து, போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். கணவர் காந்திமதிநாதன் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேற்று வைத்த எதையும் வாயில் வைப்பதற்கு முன்னால் மனைவி முகத்தைப் பார்ப்பார். அவள் மூக்கு சுளிக்கவில்லை என்றால் சாப்பிடுவார். தச்சநல்லூர் வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேலாக அதுதான் நடைமுறை.

மகன் கணேஷ்ராம் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். அதே பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள் நித்யா. வள்ளியூர்க்காரி. அவள் அப்பா மாரிக்கண்ணு வாழைத்தோட்டத்தில் கூலி வேலை செய்தார். அம்மா முத்துராணி சந்தையில் கருவாடு விற்றாள். மகன் வந்து இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று சொன்னபோது பிரம்மநாயகி மாதக்கணக்கில் அவனோடு பேசவில்லை. அமாவாசைக்கு வெங்காயம்கூடச் சேர்க்காத சைவ வீடு. கடைசியில், வேறு வழியில்லாமல் சம்மதித்தாள். கல்யாணம் முடிந்து மருமகள் வீட்டுக்குள் வந்ததும் அவளை அடுப்படியில் நிறுத்திச் சொன்னாள்.

"இந்தா பாருளா, இந்த வீட்டுக்குள்ள கவிச்சி வரக்கூடாது. அங்கன ஒங்க அம்மை வீட்டுக்குப் போனா நீ என்னமும் சாப்பிட்டுக்கோ, நான் கேக்க மாட்டேன். திரும்பி வரும்போது தலைக்குக் குளிச்சிட்டு வா."

"சரி அத்தை" என்றாள் நித்யா.

அந்தச் சொல்லை அவள் காப்பாற்றினாள். வள்ளியூருக்குப் போய்விட்டு வரும் ஒவ்வொரு முறையும் ஈரத்தலையோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள். பிரம்மநாயகிக்கு அது பிடித்திருந்தது. சொந்தக்காரர்கள் விசாரித்தால், "நம்ம பிள்ளை மாதிரியே ஆயிட்டா. நாமதானே பைய பழக்கி எடுக்கணும்?" என்பாள். அதைச் சொல்லும்போது தன் பெருந்தன்மையைப் பற்றி அவளுக்கே ஒரு சந்தோஷம் வரும்.

கொரோனாவின் இரண்டாவது அலையில், வைகாசி மாதம், பிரம்மநாயகிக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிகளில் இடமில்லை. மாடி அறையில் படுக்க வைத்தார்கள். காந்திமதிநாதனுக்குச் சர்க்கரை உண்டு. அவரை மாடிப்படி ஏறவிடவில்லை. கணேஷ்ராம் மருந்துக்கும் மாத்திரைக்கும் அலைந்தான். கஞ்சி கொண்டுபோனது, வாந்தியைத் துடைத்தது, விரலில் கருவியை மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்த்தது எல்லாம் நித்யாதான். ஒருநாள் அந்த அளவு இறங்கியபோது, மாமியாரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகைத் தடவியபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். பிரம்மநாயகி பிழைத்து எழுந்தாள். மூக்கு மட்டும் செத்துப்போயிருந்தது. சாம்பிராணி போட்டாலும் தெரியவில்லை, சாக்கடையைக் கிளறினாலும் தெரியவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான், தானாக வந்துவிடும் என்றார்கள்.

வந்தது. ஆடி பிறந்து கொஞ்ச நாளில், காலையில் நித்யா காப்பி ஆற்றிக் கொடுத்தாள். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன பிரம்மநாயகிக்குத் தாங்க முடியாத ஒரு நாற்றம் அடித்தது. ஓடிப்போய் வாஷ்பேசினில் துப்பினாள்.

"என்ன எளவைக் கலந்திருக்க இதுல?"

காந்திமதிநாதன் தன் டம்ளரை மோந்து பார்த்தார். பிறகு மனைவியின் டம்ளரையும் வாங்கி மோந்தார். "நல்ல காப்பி வாசம்தானே அடிக்கு" என்றார்.

அன்று மத்தியானம் சாம்பாரிலும் அதே நாற்றம். ராத்திரி தோசைக்கு அரைத்த சட்னியிலும் அதேதான். பூண்டு வதக்கினால் அறைக்குள் நிற்க முடியவில்லை. அடுப்பில் ஒன்றுமே இல்லாத நேரத்திலும் சிலசமயம் எங்கிருந்தோ கிளம்பி வந்து தொண்டைவரை நிறைந்தது. இரண்டு மாதம் செத்துக்கிடந்த மூக்கு இப்போது உயிர்பெற்றுவிட்டது, அது உண்மையைச் சொல்கிறது என்று பிரம்மநாயகி நம்பினாள். அது பொய் சொல்லும் என்று அவள் எப்படி நினைப்பாள்? வீட்டில் ஏதோ அழுகியது இருக்கிறது. யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள். யார் கொண்டுவந்திருப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் தேடி அவள் ஒரு நிமிஷம்கூடச் செலவழிக்கவில்லை.

கருவாடு. நமக்குக் காய்ச்சல் என்று படுத்த நேரத்தில், மூக்கு போன தைரியத்தில், இவள் அடுப்படியில் கருவாடு சுட்டுத் தின்றிருக்கிறாள். பாத்திரத்திலெல்லாம் ஏறிவிட்டது.

முதலில் சட்டிகளைத் தேய்த்தாள். பிறகு அலமாரிகளில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்தாள். மருமகளின் கைப்பையைத் திறந்து பார்த்தாள். ஒருநாள் மொட்டைமாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த நித்யாவின் சுடிதாரை இழுத்து முகத்தோடு வைத்து மோந்துகொண்டிருந்தபோது, மாடிப்படியில் வாளியோடு நித்யா நின்றாள்.

"என்ன தேடுதிய அத்தை?"

பிரம்மநாயகி துணியை விடவில்லை. "ஒனக்குத் தெரியாதா என்ன தேடுதேன்னு?"

நித்யா வாளியைக் கீழே வைத்தாள். "அத்தை, இந்தக் காய்ச்சல் வந்து போன பிறகு சில பேருக்கு மூக்கு இப்படித் தப்பாக் காட்டுமாம். போன்ல படிச்சேன். ஒரு டாக்டர்ட்ட போயிட்டு வருவமா? நான் கூட வாரேன்."

"எனக்குக் கோட்டி பிடிச்சிருக்குன்னு சொல்லுதியோ?"

"அப்படிச் சொல்லலை அத்தை."

"பெறவு?"

நித்யா துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனாள். அன்றிலிருந்து காலையிலும் சாயங்காலமும் தலைக்குக் குளிக்க ஆரம்பித்தாள். அதையும் பிரம்மநாயகி குற்றத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டாள்.

ஆவணியில் மகள் மதுமதி தென்காசியிலிருந்து தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சம்பந்தியம்மாள் முதல்முதலாக வீட்டுக்கு வருகிறாள் என்று நித்யா காலையிலேயே சொதிக்குத் தேங்காய்ப்பால் எடுத்து, இஞ்சிப் பச்சடி அரைத்து, உருளைக்கிழங்கு பொரித்து வைத்திருந்தாள். இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிரம்மநாயகி பல நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மோர்ச்சோற்றில்தான் காலம் ஓடிக்கொண்டிருந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. சொதி இலையில் விழுந்ததும் அந்த நாற்றம் பொங்கி எழுந்தது. இலையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

"என்ன மைனி, என்னாச்சு?" என்று பதறினாள் மதுமதியின் மாமியார்.

"இவ கையால எப்படிச் சாப்பிடுதிய? நாத்தம் தெரியலியா ஒங்களுக்கு?" பிரம்மநாயகியின் குரல் தெருவரை கேட்டது. "எத்தனை தண்ணி ஊத்தினாலும் பொறந்த வாடை போவுமா? கருவாட்டுக்காரி பெத்தது, சொதி வச்சாலும் கருவாடுதான் நாறும்."

கணேஷ்ராம் "அம்மா!" என்று கத்தினான். மதுமதி தலையைக் குனிந்துகொண்டாள். "சொதி நல்லாத்தான இருக்கு" என்று சம்பந்தியம்மாள் யாரிடமோ சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

நித்யா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். "மதுமதி, அவியளுக்கு அப்பளம் வைக்கலை, எடுத்து வச்சிரு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அழவில்லை. அந்த வாரமே கணவனும் மனைவியும் வள்ளியூரில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு பிரம்மநாயகி ஆள் வைத்து வீட்டைக் கழுவினாள். அடுப்படிக்கு வெள்ளையடித்தாள். பழைய பாத்திரங்களைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினாள். தன் கையால் காப்பி போட்டு, ஆசையோடு டம்ளரைத் தூக்கினாள். அதே நாற்றம். பல் தேய்க்கும் பேஸ்ட்டில் வந்தது. காந்திமதிநாதனின் சட்டையில் வந்தது. சுவருக்குள் எலி செத்துக்கிடக்கிறதோ என்று தேடினாள்; போகும்போது எதையாவது ஒளித்து வைத்துவிட்டுப் போய்விட்டாளோ என்றுகூடத் தேடினாள். ஒரு வெள்ளிக்கிழமை நெல்லையப்பர் கோயிலுக்குப் போனபோது, அம்மன் சந்நிதியில் குருக்கள் தந்த பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவள், அப்படியே கையை விலக்கிக்கொண்டாள். பூவிலும் அந்த நாற்றம்தான். பிரகாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். காந்திமதிநாதன் அவள் கையிலிருந்து பூவை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு டாக்டர்ட்ட போவோம்" என்றார்.

பாளையங்கோட்டையில் காது மூக்கு டாக்டர் ஸமீஹா, சின்ன வயதுப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குழாயை விட்டு மூக்குக்குள் பார்த்தாள்.

"வாசனை அறியுத நரம்பை அந்தக் காய்ச்சல் கெடுத்திருக்கும்மா. இப்பத் திரும்ப முளைக்குது. முளைக்கும்போது தப்பான இடத்துல போய்ச் சேந்துக்கிடுது. காப்பி, வெங்காயம், பூண்டு, பொரிச்சது வறுத்தது இதெல்லாம் ரொம்ப மோசமாத் தெரியும். ஒண்ணுமே இல்லாத நேரத்துலயும் நாத்தம் வரும். ஒங்களை மாதிரி நெறைய பேர் வாராங்க."

"அப்ப எங்க வீட்டுல நாத்தமே இல்லியா?"

"இல்லம்மா. ஒங்க மூக்குலதான்."

கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் தைலம் ஆகியவற்றைத் தினமும் மோந்து மூக்கைப் பழக்கச் சொன்னாள். மெதுவாகச் சரியாகும், அவசரப்படக் கூடாது என்றாள். பிரம்மநாயகிக்கு வெளியே வரும்போது கண்ணீர் வந்தது. அது துக்கமில்லை. பெரிய ஆறுதல். தப்பு தன்மேல் இல்லை, வியாதியின்மேல். போய்ச் சொன்னால் போதும், பிள்ளைகள் திரும்பி வந்துவிடுவார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகவே வள்ளியூருக்குப் பஸ் ஏறினாள். கணேஷ்ராம் வெளியே போயிருந்தான். நித்யா கதவைத் திறந்து, நாற்காலி போட்டு, குடிக்கப் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். காப்பி கொடுக்காமல் அவள் பார்த்துச் செய்தது பிரம்மநாயகிக்குப் புரிந்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நீ அன்னைக்கே சொன்ன. எனக்குத்தான் ஏறலை. எல்லாம் இந்தச் சவத்துக் காய்ச்சல் செஞ்ச வேலைளா. மனசுல வச்சுக்காத. வீட்டுக்கு வந்திருங்க."

நித்யா சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்க மூக்குக்கு வியாதின்னு எனக்கு அப்பமே தெரியும் அத்தை. அதுக்காக நான் ஒருநாளும் கோவப்படலை. ஒண்ணு மட்டும் கேக்கேன், சொல்லுங்க. நாத்தம் வந்ததும் ஒங்களுக்குக் கேஸுன்னு தோணலை, சாக்கடைன்னு தோணலை, எலி செத்துக் கெடக்குன்னு தோணலை. கருவாடுன்னு எப்படித் தோணுச்சு?"

பிரம்மநாயகி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். அந்த நாற்றம் எப்படிப்பட்டது என்று அப்போதுதான் முதல்முறையாக யோசித்துப் பார்த்தாள். ரப்பர் எரிவதுபோல, அழுகின வெங்காயம்போல, எதுபோலவும் இல்லாததுபோல. கருவாட்டின் வாடை நிஜமாக எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. கருவாட்டுக்கடைப் பக்கம் போகும்போதெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவள் அவள்.

"அந்த வார்த்தை மூக்குலருந்து வரலை அத்தை" என்றாள் நித்யா. குரல் உயரவில்லை. "எத்தனையோ நாளா உள்ள கெடந்திருக்கு. மூணு வருஷமா ஈரத்தலையோட பஸ் ஏறினேனே, அப்பவும் கெடந்திருக்கு."

அந்த நேரம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சந்தையிலிருந்து முத்துராணி கருவாட்டுக் கூடையோடு வந்தாள். பிரம்மநாயகியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. உடனே ஏதோ நினைவு வந்ததுபோல் கூடையை வாசலுக்கு வெளியிலேயே இறக்கி, தள்ளி வைத்தாள்.

"வாங்க மைனி! ஒடம்புக்கு ரொம்ப முடியலியாமே, இந்தப் பிள்ளை சொல்லிச்சு. எப்படி மெலிஞ்சிட்டிய! இருங்க, கைகால் கழுவிட்டு வாரேன். பக்கத்துல வந்தா ஒங்களுக்குச் சேராது."

விருந்தன்று நடந்த எதையும் நித்யா அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை என்பது பிரம்மநாயகிக்குத் தெரிந்தது. முத்துராணி நின்ற இடத்துக்கும் நாற்காலிக்கும் நடுவே நாலடிதான் இருக்கும். பிரம்மநாயகி பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விட வேண்டியதாயிற்று. அந்தக் கூடையிலிருந்து அவளுக்கு ஒரு வாடையும் வரவில்லை.

நித்யா மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லுங்கள், என் அம்மாவிடம் சொல்லுங்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. முத்துராணி வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "ஒங்க மகளைத் தப்பாச் சொல்லிட்டேன், ஒங்களையும் சொல்லிட்டேன்" என்று பிரம்மநாயகி மனதுக்குள் கோத்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்துகொண்டாள்.

"தண்ணிகூட முழுசாக் குடிக்கலையே மைனி" என்று முத்துராணி பின்னாலேயே வந்தாள். பஸ் ஸ்டாண்டுவரை கூட வந்து, ஜன்னலோரமாக இடம் பார்த்து ஏற்றிவிட்டுப் போனாள்.

அடுத்த வருஷத்து முடிவில் மூக்கு ஏறக்குறைய சரியாகிவிட்டது. முதலில் எலுமிச்சை எலுமிச்சையாக வந்தது. பிறகு பூவும், கடைசியில் காப்பியும். கணேஷ்ராம் மாதம் ஒருதரம் தனியாக வந்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் கிளம்பிவிடுவான். காந்திமதிநாதனுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது நித்யா ஒருமுறை வந்தாள். மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டு மருந்து போட்டுவிட்டாள். அடுப்படிக்குள் போகவில்லை. பிரம்மநாயகி காப்பி நீட்டியபோது வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

தெருவில் யாராவது மகனைப் பற்றிக் கேட்டால், "எல்லாம் அந்தக் கொரோனா செஞ்ச வேலை. எத்தனை குடும்பத்தைப் பிரிச்சுது, அதுல எங்களதும் ஒண்ணு" என்பாள் பிரம்மநாயகி. கேட்பவர்களும் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். அவள் அப்படிப் பேசத் தொடங்கினால் காந்திமதிநாதன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, சொல்லாமல் வெளியே போய்விடுவார். எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்பதில்லை.