தலைமை எழுத்தர் மீன்பிடிக்கத் திட்டம் போட்டது

திண்டிவனத்தில் ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர் தரணேந்திர நயினார். சொந்த ஊர் மேல்சித்தாமூர். தலைமுறை தலைமுறையாகச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார், தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார், நடக்கும்போது எறும்புச் சாரியைப் பார்த்தால் சுற்றிக்கொண்டு போவார். எறும்புக்குக் கொடுத்த அந்த மரியாதையை மனுஷர்களுக்கு அவர் கொடுத்ததில்லை.

அந்த ஆபீசில் இருபத்தோரு வருஷம் ஓட்டியிருந்தார். இத்தனை வருஷத்தில் மதிக்கத்தக்க ஆள் என்று ஒருத்தரும் அங்கே அவர் கண்ணில் படவில்லை. கிளார்க் சக்கரபாணி 'தாழ்மையுடன்' என்ற சொல்லை ஒவ்வொரு கடிதத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதுவான். "பணிவைக்கூட ஒழுங்கா எழுதத் தெரியலையேய்யா உனக்கு" என்று எல்லார் முன்னாலும் கேட்டுக் காகிதத்தைத் திருப்பி வீசுவார். மேலதிகாரிகளைப் பற்றி வாயால் சொல்ல முடியாது. மூக்கால் சொல்வார். லேசாக ஒரு மூச்சு விடுவார், அவ்வளவுதான். ஒரு அதிகாரிக்கு ஷட்டில்காக் பைத்தியம். இன்னொருத்தருக்கு ரோஜாச் செடி. திண்டிவனத்து வெயிலில் ஆபீஸ் வாசலில் முப்பது ரோஜா காய்ந்து செத்தன. அடுத்தவர் நாடகம் போட்டார், இரண்டாவது காட்சியிலேயே திரை அவர் தலைமேல் விழுந்தது. எல்லாவற்றையும் நயினார் பார்த்தார், மூச்சு விட்டார்.

எண்பத்து நாலாம் வருஷம் மாசி மாதம் மெட்ராசிலிருந்து மாற்றலாகி வந்தார் ஸ்பெஷல் ஆபீசர் வேங்கடேசன். இவருடைய பைத்தியம் மீன் பிடிப்பது. சிங்கப்பூரிலிருந்த மச்சான் மடக்குத் தூண்டில் ஒன்று அனுப்பியிருந்தான். சக்கரம் வைத்தது, சுற்றினால் நைலான் நரம்பு உள்ளே வரும். அதை ஆபீஸ் பீரோவில் வைத்து, மனு கொண்டுவருகிற விவசாயிகளுக்கெல்லாம் நீட்டிக் காட்டுவார். அதை வைத்து ஒரு மீனைக்கூட அவர் அதுவரை பிடித்திருக்கவில்லை.

மீன்பிடி ஏற்பாட்டை முதலில் சக்கரபாணிதான் ஏற்றுக்கொண்டான். சித்திரையில் ஆபீசரை ஜீப்பில் உட்கார வைத்து ஒரு ஏரிக்கு அழைத்துப் போனான். ஏரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வைகாசியில் இன்னொரு ஏரி. தண்ணீர் இருந்தது, மீனும் இருந்தது, மீனைக் குத்தகை எடுத்தவனின் ஆட்களும் இருந்தார்கள். "யாரைக் கேட்டு வந்தீங்க?" என்று சூழ்ந்துகொண்டதில் ஆபீசர் ஒற்றைச் செருப்போடு ஜீப்பில் ஏறினார். திங்கட்கிழமை காலை அந்த ஒற்றைச் செருப்புக் கதை நயினார் காதுக்கு வந்தபோது அவர் விட்ட மூச்சில் மேஜைமேல் இருந்த காகிதம் புரண்டது.

அந்த வாரமே ஆபீசர் அவரைக் கூப்பிட்டார்.

"தரணேந்திரன், ஒலக்கூருக்கு அப்பால வடக்கு ஏரின்னு ஒண்ணு இருக்காமே. கோடைக் கடைசியிலகூட தண்ணி நிக்குமாம். ஒரு ப்ளான் போட்டுக் குடுங்க."

"சார், எங்க வீட்ல முட்டைகூடச் சேர்க்கறதில்ல. இது வந்து..."

"உங்களைச் சாப்பிடவா சொல்றேன்? பேப்பர் வேலைதானே."

மறுக்கத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னால் நின்ற சக்கரபாணி சொன்னான்: "அவரால ஆவாது சார். நயினாருக்கு மீனுக்கும் தவக்களைக்கும் வித்தியாசம் தெரியாது."

ஆபீசர் சிரித்தார். டைப்பிஸ்ட் கிருஷ்ணவேணியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள். 'தாழ்மை' எழுதத் தெரியாதவன் தன்னால் ஆகாது என்று சொல்வதா? நயினாருக்குக் காது சிவந்தது.

"ஆனிக் கடைசி ஞாயித்துக்கிழமை வச்சிக்கலாம் சார்" என்றார்.

பேப்பர் வேலைதான் என்று அவரும் தனக்குச் சொல்லிக்கொண்டார். பிடிக்கப் போகிறவன் வேறு, தின்னப் போகிறவன் வேறு. தன் கை எதிலும் படாது. அப்படிச் சொல்லிக்கொண்டபின் புதுக் கோப்பு ஒன்று போட்டார்.

வடக்கு ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவன் பியூன் பூமாலை. அவனை மத்தியானத்தில் எதிரே நிற்க வைத்து நயினார் விசாரித்தார்.

"வெயில் காலத்துல மீன் எங்க இருக்கும்?"

"வெயில் ஏற ஏற மதகாண்ட ஆழத்துல போயி படுத்துக்கும்ங்க. காத்தால கருக்கல்ல ஓரத்துக்கு வரும். சூரியன் பனைமர ஒசரம் வந்துச்சின்னா ஒண்ணுகூடக் கெடைக்காது."

"நிச்சயமா வரவைக்க என்ன வழி?"

பூமாலை தலையைச் சொறிந்தான். "ஒரே எடத்துல, ஒரே நேரத்துல பத்து நாளு புண்ணாக்கு போட்டீங்கன்னா பழகிடும். கூட்டமா வந்து நிக்கும்."

"பின்னே அதை ஏன் நீங்க யாரும் செய்யறதில்ல?"

"சில பேரு செய்வாங்க. நான் செய்யறதில்லீங்க ஐயா. நாம போட்டத நம்பி சாப்ட வருது. அதுக்குப் போயி முள்ளு வைக்கறதுக்கு மனசு வர்றதில்ல."

நயினாருக்குச் சிரிப்பு வந்தது. வாரத்தில் நாலு நாள் மீன் குழம்பு தின்கிறவன் மனசைப் பற்றிப் பேசுகிறான். "சரி சரி, நீ போ" என்று அனுப்பிவிட்டு, கோப்பில் 'புண்ணாக்கு, பத்து நாள்' என்று எழுதினார். பிறகு பத்தை அடித்து இருபத்தொன்று ஆக்கினார். அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்து, குடையோடு வடக்கு ஏரிக்குப் போனார். மீன் குத்தகைக்காரர் தாண்டவராயனுக்கு முன்பொரு முறை பட்டா மாற்ற மனு எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு நாளைக்கு மட்டும், தூண்டிலில் மட்டும் என்று அனுமதி வாங்குவது சுலபமாக இருந்தது. அதோடு விடவில்லை. கரையோரமாக நடந்து, மதகிலிருந்து முப்பதடி தள்ளி ஒரு கருவேல மரத்தடியைத் தேர்ந்தெடுத்தார். காற்று எந்தப் பக்கம், வெயில் எப்போது முகத்தில் அடிக்கும், ஜீப் எங்கே நிற்கும் என்று எல்லாம் குறித்துக்கொண்டார். பூமாலையின் அக்கா லூர்துமேரி அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டிருந்தாள். தினமும் விடியற்காலையில் அந்த இடத்தில் மல்லாட்டைப் புண்ணாக்கைக் கரைத்துப் போட அவளை ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தானே வந்து போடுவதாகச் சொன்னார், அவள்மேலும் அவருக்கு நம்பிக்கையில்லை.

அந்த ஞாயிறுகளில்தான் ஒன்று நடந்தது. வீட்டில் மனைவி சாந்தமதி, "எங்க இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்டாள்.

"ஏரியில மீனுக்குத் தீனி போட்டுட்டு வர்றேன்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணமான இருபது வருஷத்தில் மனுஷர்களை ஏளனம் செய்வதைத் தவிர வேறெதுவும் செய்யாத மனுஷன், வாயில்லாத ஜீவனுக்குத் தீனி போடப் போகிறான். "நல்ல காரியம்ங்க. இந்தாங்க, இதையும் போடுங்க" என்று பொரியைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். அடுத்த வாரம் கேட்காமலேயே கட்டி வைத்திருந்தாள். எதற்காக என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு பொரியைத் தூவினபோது தண்ணீர் லேசாகக் குழம்பியது. மூன்றாவது ஞாயிறு அவர் மரத்தடிக்கு வந்ததுமே மீன்கள் ஓரத்துக்கு வந்துவிட்டன. சின்னது பெரியதாக முதுகு முதுகாக நின்று, அவர் கை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. கெண்டை எது, ரோகு எது என்று இப்போது அவருக்குத் தெரியும். குந்தி உட்கார்ந்து கையைத் தண்ணீரில் வைத்தார். விரலை ஒன்று வந்து இடித்துவிட்டுப் போனது. நயினாருக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு என்னவென்று யோசிக்க அவர் நிற்கவில்லை. 'திட்டம் வேலை செய்கிறது' என்று எழுதிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

ஆனிக் கடைசி ஞாயிறு, கருக்கல் நேரத்தில் ஜீப் குறித்த இடத்தில் நின்றது. ஆபீசர் வேட்டைக்குப் போகிறவர்போல் தொப்பி போட்டிருந்தார். சக்கரபாணி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான், சூரியன் இன்னும் வரவேயில்லை. கூட வந்த பூமாலை சாமான்களை இறக்கி வைத்தான். இரையை முள்ளில் குத்தவே ஆபீசருக்குக் கால்மணி நேரம் ஆனது. முதல் வீச்சில் முள் கருவேல மரத்தில் மாட்டியது. இரண்டாவது வீச்சில் சக்கரபாணியின் சட்டை. "சார், மீனு அந்தப் பக்கம் சார்!" என்று அவன் கத்தினான். எட்ட நின்ற நயினார், இத்தனை ஒழுங்கான ஏற்பாட்டை இவர்களுக்கா செய்தோம் என்று மூச்சு விட்டார்.

ஆனால் ஏற்பாடு ஒழுங்கானதுதான். நேரமானதும் மீன்கள் வந்தன. மூன்றாவது வீச்சு எங்கே விழுந்தாலும் மீன் மேல்தான் விழுந்திருக்கும். ஆபீசர் ஒரு கெண்டையை இழுத்தார். பிறகு இன்னொன்று. சக்கரபாணி மூங்கில் தூண்டிலால் நாலு இழுத்தான். ஒவ்வொன்றுக்கும் அவர்கள் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது.

அப்போதுதான் பெரியது ஒன்று மாட்டியது. சிங்கப்பூர்த் தூண்டில் வளைந்தது. சக்கரம் கரகரவென்று சுற்றி, நின்று, சிக்கிக்கொண்டது. ரோகு மதகுப் பக்கம் திரும்பியது. கற்களுக்குள் போய்விட்டால் நரம்பு அறுந்துவிடும். இது நயினாருக்குத் தெரியும். இடத்தைத் தேர்ந்தெடுத்த அன்றே கோப்பில் எழுதி வைத்திருந்தார்.

"இழுக்காதீங்க சார்! நரம்பைத் தளர்த்துங்க! மதகாண்ட விடாதீங்க!"

யாருடைய குரல் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நயினார் வேட்டியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தார். இரண்டு கையையும் விரித்து, மதகுக்கும் மீனுக்கும் நடுவில் நின்று, தண்ணீரைப் படார் படாரென்று அடித்தார். மீன் அவர் காலில் மோதியது. மோதித் திரும்பிக் கரைப்பக்கமே ஓடியது. "புடி பூமாலை, புடி! ஜல்தி!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பூமாலை அமுக்கிப் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டான்.

ஆபீசர் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். "தரணேந்திரன், நீங்கதான்யா ஆளு!"

"நயினாரு மீனு புடிச்சிட்டாரு டோய்!" என்று குதித்தான் சக்கரபாணி.

நயினாரும் சிரித்தார். அந்த ஆபீசில் யாரும் பார்த்திராத சிரிப்பு. மீன் மண்ணில் புரண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. தீனிக்கு வரும்போதும் அது வாயை அப்படித்தான் திறக்கும். சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. பூமாலை அவரைப் பார்க்கவில்லை. மீனைப் பனை ஓலையில் கோத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்தபோது வேட்டியெல்லாம் சேறு. அதில் இரண்டு செதில் ஒட்டியிருந்தது. சாந்தமதி சொம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"வழுக்கி விழுந்துட்டீங்களா? மீனுங்க வந்துச்சா?"

"வந்துச்சு."

"சாப்டுச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த வாரத்துக்கான பொரி மூட்டை கண்ணெதிரே மாடத்தில் இருந்தது. முழுவதையும் சொன்னார். ஆபீசர் கேட்டது, சக்கரபாணி கேலி செய்தது, புண்ணாக்கு, இருபத்தொரு நாள், தண்ணீரில் இறங்கியது. அவள் கடைசிவரை கேட்டாள்.

"நானே கட்டிக் குடுத்தேனே" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சமைத்தாள், பரிமாறினாள், எப்போதும்போல் இருந்தாள். ஆனால் பிறகு ரொம்ப நாளைக்கு, அவர் வெளியே கிளம்பும்போது எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்கவேயில்லை.

ஆபீசில் கதை ஊர்வலம் போனது. ஆபீசர் ஆடியில் இன்னொரு ப்ளான் கேட்டார். நயினார் அதற்குப் பதிலாக விழுப்புரம் கிளைக்கு மாற்றல் கேட்டு மனு நீட்டினார். "ஏன்யா, யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று ஆபீசர் திகைத்தார். நயினாருக்கு இப்போது அந்த ஆளைப் பார்த்து மூச்சுவிடக்கூட முடியவில்லை. ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தவர்தான், தொப்பிக்காரர்தான். ஆனால் அவர் மீன் பிடிக்க வந்தேன் என்று சொல்லிவிட்டு மீன் பிடித்தார்.

ஆவணியில் மாற்றல் வந்தது. தினமும் பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் போய்வந்தார். ஐப்பசியில் ஒருநாள் தபாலோடு பூமாலை அங்கே வந்தான். நயினார் அவனை எதிரே நிற்க வைக்கவில்லை, நாற்காலியைக் காட்டினார். அவன் உட்காரத் தயங்கினான்.

"அந்த மீனுங்க..." என்று ஆரம்பித்தார் நயினார்.

"நாம வந்தப்புறமும் அந்த நேரத்துக்கு அங்கயே வந்துக்கினு இருந்துச்சிங்க ஐயா. தாண்டவராயன் பாத்துட்டாரு. வலையப் போட்டு அள்ளிட்டாரு." சொல்லிவிட்டுத் தபால் கட்டை மேஜைமேல் வைத்தான். "நான்தான் உங்களுக்கு வழி சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

"நீ ஏன் செய்யறதில்லன்னும் சொன்னியே" என்றார் நயினார்.

எண்பத்தெட்டில் மூத்த மகள் கல்யாணம் திண்டிவனத்தில் நடந்தது. மண்டபம், சமையல், மேளம் எல்லாவற்றையும் மைத்துனரிடம் விட்டுவிட்டார் நயினார். வேலையைக் குழப்புவதில் மைத்துனர் சக்கரபாணிக்கு அண்ணன் மாதிரி ஆள். மேளக்காரர்கள் வேறு மண்டபத்துக்குப் போய் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டில் இலை பற்றவில்லை. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. உறவுக்காரர்கள் எல்லாரும் நயினார் முகத்தையே பார்த்தார்கள், எப்போது வெடிக்கப் போகிறார் என்று. அவர் வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கை கூப்பிக்கொண்டிருந்தார்.

சாந்தமதி பட்டுப்புடவை வியர்க்க ஓடிவந்தாள். "எல்லாம் பேஜாரா கெடக்குது. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அவரு பாத்துக்குவாரு" என்றார் நயினார். "நல்லாத்தான் நடக்குது."

அவள் ஒரு நிமிஷம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இலை வாங்கிவர ஆள் அனுப்ப உள்ளே போனாள்.